லேட் சரோஜா

வரலாறு எழுத நிறையப் படிக்க வேண்டும் என்பார்கள். என்னிடம் இருந்தது அழகான கையெழுத்து மட்டும்தான். அதை நம்பி, எங்கள் மயிலாப்பூர் சிறுமியர் சாரண அணியின் ஆண்டுவிழா மலருக்கு வரலாறு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார் செயலாளர் வசந்தா மேடம்.

"நல்லா எழுதும்மா. அடுத்த வருஷம் அணியை உன் கையிலதான் குடுக்கப் போறேன்."

அந்தப் பதவிக்காக நான் இரண்டு வருடமாகத் தவம் கிடந்தேன் (விசில் ஊதும் உரிமை அதற்கு மட்டும்தான்).

ஆதாரம் என்று கிடைத்தது, அணி தொடங்கிய வருடத்து வருகைப் பதிவேடு ஒன்று. முதல் பக்கத்தில், 'அணித் தலைவி: சரோஜா'. கடைசிப் பக்கத்தின் அடியில், 'லேட் சரோஜா'. ஐயோ, இறந்துவிட்டார் என்று முடிவுகட்டினேன். நடுவிலிருந்த பக்கங்களைப் புரட்டியிருக்கலாம் (தூசி எனக்கு ஆகாது). அதற்குப் பதில் நேராக எழுத உட்கார்ந்துவிட்டேன். 'காலஞ்சென்ற முதல் தலைவி சரோஜா மறைந்தாலும், அவர் போடக் கற்றுத்தந்த முடிச்சுகள் இன்னும் அவிழவில்லை' என்று எழுதிவிட்டு நானே அழுதேன். வசந்தா மேடமும் படித்துவிட்டு அழுதார். விழாவில் மௌன அஞ்சலி செலுத்தலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான்.

விழாவன்று மைக்கைப் பிடித்து, அஞ்சலிக்காக எல்லோரும் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொண்டேன். மண்டபமே எழுந்து நின்றது. அப்போது அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா, ஒயர் கூடையோடு அவசரமாக உள்ளே வந்தார். எல்லோரும் நிற்பதைப் பார்த்து அவரும் கடைசி வரிசையில் தலைகுனிந்து நின்றார். பிறகு பக்கத்துச் சிறுமியிடம் அவர் கேட்டது, அந்த அமைதியில் மேடைவரை கேட்டது.

"யாரும்மா பூட்டாங்க?"

"முதல் தலைவி சரோஜாவாம், ஆன்ட்டி."

"அது நான்தாம்மா! உயிரோடதான் கீறேன். பஸ்ஸு லேட்டு."

வசந்தா மேடம் மேடையிலேயே பதிவேட்டைப் பிரித்தார். சனிக்கிழமைக்கு ஒரு பக்கம்; ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், தாமதமாக வந்தவர் பெயராக, 'லேட் சரோஜா'. என் வரலாற்றின்படி அந்த அம்மா சனிக்கிழமை தவறாமல் இறந்திருந்தார்.

ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார்.

"அட, வுடு கண்ணு. அப்போ ஆத்தோரத்துல எங்க வூடு. தண்ணி புடிச்சி வெச்சிட்டு, மூணு தங்கச்சிங்களுக்கும் தல வாரிவுட்டு, கூட்டியாரணும். லேட்டாவாம இன்னா ஆவும்? ஆனா ஒரு நாளுகூட வராம இருந்ததில்ல. அத எய்துனியா?"

எழுதவில்லை. அது பதிவேட்டிலேயே இருந்தது, பார்க்கத்தான் இல்லை. மண்டபம் முழுக்கச் சிரித்தபோது வராத வெட்கம் அப்போதுதான் எனக்கு வந்தது.

தலைவி பதவி வேறொருவருக்குப் போனது. இன்றும் நான் தாமதமாக வீடு திரும்பினால், என் கணவர் கதவைத் திறந்து, "வாங்க, காலஞ்சென்றவங்களே" என்கிறார். பொங்கலன்று காலையில் போன் அடித்தால் பிள்ளைகள் போட்டி போட்டு ஸ்பீக்கரில் போடுகிறார்கள். வாழ்த்தெல்லாம் கிடையாது. சரோஜாம்மா சொல்வது ஒன்றுதான்:

"கண்ணு, இன்னும் கீறேன். எய்தி வெச்சிக்க."