இருபத்தெட்டாயிரம் பேர்

"இன்னிக்கும் அணைஞ்சுடுச்சு. வெளியே ரெண்டு நாயும் ஒரு பூனையும் காத்திருக்கு."

அவனுடைய இணையப் பக்கத்தில் வந்து விழுந்த ஆறாவது புகார் அது. எழுதியவருக்குப் பெயர் கிடையாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாத்துப் படம் இருந்தது. அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவர் வாத்துதான்.

"வாத்து என்ன சொல்லுது?" என்றாள் மனைவி, காயப்போட்ட துணிகளை மடித்துக்கொண்டே.

"அணைஞ்சுடுச்சாம்."

"போன வாரம் கனமா இருக்குன்னு சொல்லிச்சே?"

"அதைச் சரி பண்ணினதாலதான் இது."

மூன்று மாதச் சம்பளமில்லாத விடுப்பில் இருந்தான் அவன். யார் யாரோ எந்தெந்த ஊர்களிலோ உட்கார்ந்து இலவசமாக எழுதி வைத்த ஒரு தரவுத்தளம். விவரங்களைப் போட்டு வைத்தால் பத்திரமாக வைத்திருந்து, கேட்டபோது எடுத்துத் தரும். தங்கமான மென்பொருள்தான், ஆனால் அதை ஒரு கணினியில் நிறுவி முடிப்பதற்குள் மனிதனுக்குப் பாதி உயிர் போய்விடும். அதை வேண்டிய உதிரிகளோடு சேர்த்து ஒரே பெட்டியாக, கன்டெய்னராகக் கட்டி, ஒரு வரிக் கட்டளையில் எந்தக் கணினியிலும் ஓடும்படி செய்துவிட வேண்டும். பதினெட்டு வருடம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பிரிண்டரில் காகிதம் சிக்கினால் ஓடி ஓடி எடுத்தவனுக்கு, வாழ்க்கையில் உருப்படியாக ஒன்றாவது செய்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியிருந்தது.

முதலில் கட்டிய பெட்டி கனமாக இருந்தது. இறங்கவே அரை மணி ஆகிறது என்றது வாத்து. தேவையில்லாதவை என்று பட்டதையெல்லாம் தூக்கி எறிந்தான். அவற்றோடு உலக நேரங்களின் பட்டியலும் போய்விட்டது. 'மத்தியானம் வந்த பூனைக்கு விடியக்காலைன்னு பதியுது' என்று அடுத்த புகார். நேரத்தைத் திரும்ப வைத்தான். மணிக்கு ஒரு முறை தானாக அணைய ஆரம்பித்தது. அதன் பிறகு வந்த நான்கு புகார்களும் ஒரே புகார்தான்.

அன்று பெட்டிக்குள் ஒரு காவல்காரனை, ஒரு குட்டி நிரலை, வைத்தான். நிமிடத்துக்கொரு முறை அவன் தரவுத்தளத்திடம் "உயிரோட இருக்கியா?" என்று கேட்பான். பதில் வராவிட்டால் கதையை முடித்துவிட்டு, முதலிலிருந்து கிளப்பிவிடுவான். கிளம்பும்போது பழைய பதிப்போடு யாரும் அல்லாடக் கூடாது என்று, அதற்கும் ஓர் ஏற்பாடு செய்து வைத்தான்.

மறுநாள்தான் அதிசயம் நடந்தது.

இரண்டு மாதமாக நொண்டிக்கொண்டிருந்த பதிவிறக்க எண்ணிக்கை, ஒரே நாளில் ஆயிரத்து நானூறு ஏறியிருந்தது. அதற்கடுத்த நாளும் ஆயிரத்து நானூறு. ஞாயிற்றுக்கிழமையும் குறையவில்லை.

"ஜனங்க லீவு நாள்லகூட இறக்கறாங்க" என்றான் மனைவியிடம்.

"நன்றின்னு ஒருத்தராவது எழுதினாங்களா?"

"நல்லா ஓடினா யார் எழுதுவா? ஃபேன் சுத்தறதுன்னு நீ கம்பெனிக்கு லெட்டர் போட்டிருக்கியா?"

அவள் உள்ளே போய்விட்டாள். அந்த ஆயிரக்கணக்கான பேரின் மௌனம் அவனுக்குப் பிடித்திருந்தது. முகம் தெரியாதவர்கள், எங்கெங்கோ உள்ள அறைகளில், தன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிம்மதியாக வேலை பார்க்கிறார்கள். வாத்து ஒன்றுதான் கத்திக்கொண்டிருந்தது.

'இப்ப முன்னைவிட மோசம்' என்று எழுதியது வாத்து.

'உங்கள் கணினியைச் சரிபார்க்கவும்' என்று பதில் போட்டான்.

மூன்றாவது வாரம் கிடங்கு மேலாளர் போன் செய்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்க. திங்கள் வந்து சேரணும், இல்லைன்னா ராஜினாமா அனுப்பிடுங்க. உங்க இடத்துக்கு ஆள் ரெடியா இருக்கார்."

வெள்ளிக்கிழமை காலை மனைவியின் அண்ணன் வந்து உட்கார்ந்தார். லிஃப்ட் மெக்கானிக். தங்கை சொல்லித்தான் வந்திருக்கிறார் என்பது, அவர் இயல்பாக இருக்கப் பட்ட பாட்டிலேயே தெரிந்தது.

"மாப்ள, இந்தப் பெட்டியை யாராவது உபயோகிக்கறதை நீங்க கண்ணால பார்த்திருக்கீங்களா?"

"இருபத்தெட்டாயிரம் பேர், மச்சான்."

"அதைக் கேக்கல. ஒருத்தரை?"

"அவங்கல்லாம் எங்கயோ இருக்காங்க."

"என் லிஃப்ட்டு நல்லா ஓடினா ஒரு பய கூப்பிட மாட்டான், ஒத்துக்கறேன். ஆனா உள்ள மாட்டிக்கிட்டவன் ஒருத்தன் மணியடிச்சாலும் நான் ஓடணும். அந்த வாத்தை உங்களுக்கு ஒரு போன் பண்ணச் சொல்லிப் பாருங்களேன்."

"அது என்னை ஒழிக்கறதுக்குன்னே உட்கார்ந்திருக்கு."

"உங்களை ஒழிச்சு அதுக்கு என்ன ஆகணும்?" என்றாள் மனைவி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னங்க, வேலையை விட்டுடாதீங்க. பெரியவளுக்குக் காலேஜ் வருது. இதைச் சாயங்காலம் வந்து பார்த்துக்கக் கூடாதா?"

அவன் திரையை அவர்கள் பக்கம் திருப்பினான். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை ஒன்று ஏறியது.

"பாருங்க. இப்ப ஒருத்தர் வந்திருக்கார். இவங்களை அம்போன்னு விட்டுட்டு நான் பேப்பர் சிக்கினதை எடுக்கப் போகணுமா?"

மச்சான் தங்கையைப் பார்த்தார். தங்கை தரையைப் பார்த்தாள். அவன் அவர்கள் எதிரிலேயே ராஜினாமாவை அனுப்பினான். 'கிடைத்தது. வாழ்த்துகள்' என்று இரண்டே நிமிடத்தில் மேலாளரின் பதில் வந்துவிட்டது. பதினெட்டு வருடத்தில் அவர் இத்தனை வேகமாக எதற்கும் பதில் போட்டதில்லை.

இனி இதுதான் வாழ்க்கை என்றான பிறகு, ஒரு வாத்தைக்கூட வருந்த விடக் கூடாது. தன் கைபேசி எண்ணைப் பக்கத்தின் உச்சியில் போட்டான்.

மனைவி சாப்பாட்டுத் தட்டைக் கொண்டு வந்து வைப்பதற்குள் போன் அடித்தது.

"சார், நான்தான் அந்த வாத்துப் படம். கால்நடை டாக்டர்கிட்ட வரவேற்புல இருக்கேன்" என்றது ஒரு பெண் குரல். களைத்த குரல். பின்னால் ஒரு நாய் விடாமல் குரைத்தது. "எங்க கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு சார், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவே ரெண்டு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள உங்க பெட்டி அதைச் சாகடிச்சுடுது."

"மத்தவங்க யாருக்கும் அப்படி ஆகலையேம்மா" என்றான் கனிவாக. எதிரே திரையில் 28,316 என்று மின்னியது. "சரி, இதுவரைக்கும் எத்தனை தடவை விழுந்திருக்கும்? தோராயமா சொல்லுங்க போதும்."

"தோராயம் எதுக்கு சார், இங்கயே கணக்குக் காட்டுதே. விழுந்து விழுந்து எழுந்து, ஒவ்வொரு தடவையும் உங்க பெட்டியை நெட்ல இருந்து புதுசா இறக்கி, இதுவரைக்கும் இருபத்தெட்டாயிரத்து முந்நூத்துப் பதினாறு... இருங்க சார், இதோ, பதினேழு."