ஏரி வளைவில் எல்லோரும் நிமிர்ந்தபோது

மரியாதைக்குரிய ஓடெட் அத்தைக்கு,

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மரீசா அன்புடன் எழுதுவது. நான் நலம். டர்லாக்கில் நீங்களும் உங்கள் பசுக்களும், அந்த உதைக்கிற பசு உட்பட, நலமாக இருக்க வேண்டுகிறேன்.

ஈஸ்டருக்கு இனிப்பு ரொட்டியை அறுத்துக்கொண்டே, "ஊரார் கண்ணத் திருடித்தானேடி சம்பளம் வாங்குற?" என்று கேட்டீர்களே, அது உறுத்திக்கொண்டே இருந்ததால், எங்கள் செயலியில் முடிவில்லாமல் ஓடும் படங்களுக்கு நான் ஒரு முடிவு வைத்தேன், கொஞ்ச நேரம் பார்த்ததும் 'இன்றைக்குப் போதும்' என்று சொல்லித் திரை இருண்டுவிடும். வெள்ளோட்டமாக அதை அலுவலகத்தார் ஃபோன்களுக்கு மட்டும் அனுப்பச் சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் நான் வழக்கம்போல் புத்தகத்தோடு இருந்தேன். வெளியே ஒரே மூடுபனி. ஏரி வளைவில் பஸ் திரும்பியபோது ஃபோனில் குனிந்திருந்த எல்லாத் தலைகளும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன, அத்தை. நிமிர்ந்து, ஏரிப் பக்கமே திரும்பி, அப்படியே இருந்தன. ஒருவரும் இமைக்கவில்லை. எனக்கோ பெருமை தாங்கவில்லை. கண்ணாடியில் பார்த்த டிரைவர் சியோனே வண்டியை ஓரங்கட்டிவிட்டார். "அங்க என்னத்தப் பாக்குறீங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே." ஒரு தலையும் அவர் பக்கம் திரும்பவில்லை. "சாமி, ஃபோனையே பாருங்கப்பா. இல்லன்னா நாளைக்கு வேற டிரைவரப் பாத்துக்குங்க." அப்புறம்தான் தலைகள் குனிந்தன. பக்கத்து சீட்காரர், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, "உங்க பேரு என்னங்க?" என்று என்னிடம் கேட்டார். மேலாளர் பிரெஸ்காட்டுக்குச் சேதி போய், "மரீசா, ஜனங்கள நிமிர வச்சா நம்ம பொழப்பு என்னாகுறது?" என்று ஒரே கத்தல். என் முடிவை வைப்பதா தூக்குவதா என்று வெள்ளிக்கிழமை தீர்மானிக்கிறார்கள். தூக்கினால் வேலையை விட்டுட்டு உங்க கொட்டகைக்கே வந்துடறேன், அந்த உதைக்கிற பசுவை நானே கறக்கறேன். ஆனா ஒண்ணு அத்தை, நான் திருடின கண்ணத் திருப்பிக் கொடுத்துட்டேன்.

மாமாவுக்கும் பசுக்களுக்கும் என் அன்பு. எனக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றுங்கள்.

உங்கள் மருமகள்,
மரீசா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். படங்களுக்கு நான் வைத்த முடிவு செவ்வாய்க்கிழமை யார் ஃபோனுக்கும் போகவே இல்லையாம், அனுப்ப மறந்துவிட்டார்களாம். எந்தத் திரையும் இருளவில்லை. நாளைக்கும் அதே பஸ், அதே வளைவு. என் ஃபோனில் அந்த முடிவில்லாத படங்களை இப்போதுதான் ஏற்றிக்கொண்டேன். அங்கே தலை நிமிராமல் இருக்கப் புத்தகம் போதாது, அத்தை.