நோன்புக் கஞ்சிப் புதினாவும் சுவரேறி வரும் பூனைகளும்

சிவகாசி,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்பும் பிரியமும் உள்ள மச்சான் நிஜாம் அவர்களுக்கு, தங்கள் தங்கை உம்மு சல்மாவின் கணவன் கமாலுதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே உங்கள் தங்கை நலம். வீட்டுக்கு வந்துபோகும் பூனைகள் மிகவும் நலம். என் நலத்தைப் பற்றி முடிவாக எதுவும் சொல்ல முடியாததால்தான் இந்தக் கடிதம். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நம் வீட்டுப் போன் உங்கள் தங்கையிடம் இருக்கிறது. யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டு அடுப்படி மேடையில் வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுவாள். நான் கேட்கப்போவது அப்படிக் கேட்கக்கூடியது அல்ல. சாத்தூர்ப் பள்ளிவாசலில் வெகுகாலமாக நோன்புக் கஞ்சிப் பொறுப்பைப் பார்த்து வருபவர் நீங்கள். வேறு யாரிடம் கேட்க?

நோன்புக்கு முந்தைய ஜமாஅத் கூட்டத்தில் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி சுஃபியான், அரிசி யார், கறி யார், தேங்காய் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் கூட்டங்களில் வாய் திறப்பவன் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். அன்று எப்படியோ, "மாதம் முழுக்கப் புதினா என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அதற்குள் சுஃபியான் அதை மைக்கில் அறிவித்துவிட்டார். எனக்கும் ஒரு துணிச்சல் இருந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு கொல்லையில் நான் போட்ட புதினாப் பாத்தி அவ்வளவு செழிப்பு. பூமி ஓடாகக் காய்ந்து கிடக்கும் இந்த ஊரில், காலையும் மாலையும் தண்ணீர் கண்டு பொலபொலவென்று இருக்கும் மண் அது ஒன்றுதான். இதை நான் கண்டுகொண்டதைப் போலவே தெருவிலுள்ள பூனைகளும் கண்டுகொண்டன. அவை வருவதும், ஓர் ஓரமாகத் தோண்டுவதும், உட்காருவதும், மூடுவதும் எல்லாம் மிக ஒழுங்காகத்தான் நடக்கின்றன. ஆனால் நடப்பது நோன்புக் கஞ்சிக்குப் போகும் புதினாவின் நடுவில்.

நான் நில அளவைத் துறையில் காலம் முழுக்க அடுத்தவர்களின் எல்லையை அளந்து கல் நட்டுக் கொடுத்தவன். என் எல்லைக்குள் வரும் பூனையை "சூ" என்று சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. சொன்னாலும் உங்கள் தங்கை விடுவதில்லை. "பூனை வாய் வச்ச தண்ணியில தொழுகைக்குக் கை கால் களுவி ஒளுச் செய்யலாம்னு ஹஜ்ரத்து பயான்ல சொன்னாகள்ல? அம்புட்டுச் சுத்தமான சீவன். நீங்க என்னமோ திருடனப் பாக்குற மாதிரி பாக்கீக" என்கிறாள். ஹஜ்ரத் சொன்னது பூனையின் முன்பக்கத்தைப் பற்றி, என் கவலை பின்பக்கத்தைப் பற்றி. இதை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதலில், நாய்க்குச் செய்வார்களே, அதுபோல் பாட்டில்களில் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை நிரப்பிப் பாத்தியைச் சுற்றி வைத்தேன். ஒரு கிழட்டுச் சாம்பல் பூனை அந்தப் பாட்டிலில் முதுகைச் சொறிந்துகொண்டு, பிறகு வந்த காரியத்தைப் பார்த்தது. பக்கத்து வீட்டுச் சங்கிலிமுத்து நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். வெடிச் சத்தம் கேட்டால் ஓடுமா என்று தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டேன். அவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று வெகுநேரம் சிரித்தார். "பாய், இங்கன பொறந்த பூனை இது. வெடிச்சத்தத்துலதான் கண்ணே முளிச்சிருக்கும். சரவெடியக் கொளுத்திப் போட்டா, சீசன் வந்துருச்சுன்னு திரும்பிப் படுக்கும். நீங்கதான் பயந்து ஓடுவீக." அது உண்மைதான். பிறகு அவரே இரக்கப்பட்டு, பளபளக்கும் வெள்ளித்தாள் கழிவைக் கொண்டுவந்து கொடுத்தார். காற்றில் அது மின்னினால் பூனை மிரளும் என்றார். மிரளவில்லை. ஒரு குட்டி அதைக் கிழித்து விளையாடப் பழகிக்கொண்டது, அதைப் பார்க்க வேறு தெருப் பூனைகளும் வர ஆரம்பித்தன.

இதற்குள் நோன்புப் பிறை தெரிந்துவிட்டது. முதல் நாள் புதினாவைப் பறித்து, பல தண்ணீரில் அலசி, முகர்ந்து பார்த்து, மறுபடி அலசி, இலையே நைந்துபோகும் அளவுக்குக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாலையில் பள்ளிவாசலில் எல்லோரும் கஞ்சி குடித்தார்கள். சங்கிலிமுத்து வீட்டிலிருந்தும் தூக்குவாளி வந்திருந்தது. நான் மட்டும் பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டேன். நோன்பாளிகள் இத்தனை பேருக்கு நான் எதைக் குடிக்கக் கொடுத்தேன் என்ற எண்ணம்தான் இன்றுவரை என்னைத் தின்கிறது.

ஆகவே மறுநாளிலிருந்து நான் ஒரு காரியம் செய்துவருகிறேன். மார்க்கெட்டில் வள்ளித்தாய் என்ற அம்மாளின் காய்கறிக் கடையில் புதினா வாங்கி, தெருமுனையில் என் மஞ்சள் பைக்கு மாற்றி, பள்ளியில் கொடுத்துவிடுகிறேன். அவள் புதினா சிறிய இலையாக, நம் வீட்டுப் புதினாவைப் போலவே நல்ல வாசம். "இது மருந்து கிருந்து அடிக்காத புதினா பாய். ஒரு வீட்டுத் தோட்டத்துல இருந்து வருது" என்றாள். அந்தத் தோட்டக்காரர் யாரோ, பூனைகள் இல்லாத தெருவில் குடியிருக்கும் பாக்கியசாலி என்று நினைத்துக்கொண்டேன். சென்ற வெள்ளிக்கிழமை நீங்கள் இங்கு வந்து, மூன்று கோப்பை குடித்து, சாத்தூருக்கும் ஒரு தூக்கு கொண்டுபோனீர்களே, அது அந்தப் புதினாதான். அதைப் பற்றித் தாங்கள் அணுவளவும் கவலைப்பட வேண்டாம்.

என் கவலை வேறு. சுஃபியான் தினமும் மைக்கில், "இன்றைய புதினா கமாலுதீன் பாய் வீட்டுத் தோட்டத்துப் புதினா" என்கிறார். குடிப்பவர்கள் வந்து, "வீட்டுப் புதினா வாசமே தனி பாய்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். நானும் தலையை ஆட்டுகிறேன். நோன்பு மாதத்தில், அதுவும் பள்ளிவாசலுக்குள், வாயால் சொல்லாமல் தலையால் சொல்லும் பொய். சீக்கிரம் சொந்தப் புதினாவுக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் நேற்றுப் பாத்தியைச் சுற்றிக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டேன். பூனைகள் சுவர் வழியாக நேராக நடுவில் குதித்தன. முள் என் குதிகாலில் ஏறியது. உங்கள் தங்கை ஊக்கை வைத்து எடுத்துவிட்டு, "ஒங்களுக்கு எதுக்குங்க இந்த வேல?" என்றாள். கால் வீங்கியிருப்பதால் இன்று விடியற்காலைச் சுபுஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போக முடியாமல், வீட்டில் தொழுதுவிட்டு இதை எழுதுகிறேன். இன்னொன்றும் இருக்கிறது. நான் பறிக்காமலேயே பாத்தியில் புதினா நாளுக்கு நாள் குறைகிறது. பூனைகள் தின்னவும் ஆரம்பித்துவிட்டனவோ என்னவோ.

மச்சான், ஜமாஅத்தில் எழுந்து நின்று, இது கடைப் புதினா என்று நான் சொல்லிவிட வேண்டுமா? சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் முதல் நாள் கஞ்சி என்னவாயிற்று என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் பெருநாள் தொழுகையில் அவர்களை எப்படி முகத்துக்கு நேராகப் பார்ப்பேன்? அனுபவப்பட்ட தாங்கள் ஒரு வழி சொல்ல வேண்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு என் துஆ. நோன்பு திறக்கும் நேரத்து துஆவில் என்னையும், இடம் இருந்தால் என் பாத்தியையும் சேர்த்துக்கொள்ளவும்.

தங்கள் அன்பு மறவாத,
கமாலுதீன்.

பி.கு.: கடிதத்தை மடிக்கும் நேரத்தில் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. வழக்கமாக நான் பள்ளியில் இருக்கும் நேரம். நொண்டிக்கொண்டு போய்த் திறந்தால் வள்ளித்தாய், கையில் ஒரு பொட்டலத்துடன் நிற்கிறாள். "அட, அக்கா வீட்டுக்காரரு நீங்கதானா பாய்? தெனம் வந்து ஒங்க வீட்டுப் புதினாவையே வாங்கிட்டுப் போறீக, நான் வெவரம் தெரியாம வித்துக்கிட்டிருக்கேனே. அக்கா, பாயிட்ட சொல்லலியா?" என்று எனக்குப் பின்னால் வந்து நின்ற உங்கள் தங்கையிடம் கேட்டாள். பொட்டலத்தில் மீன் தலைகள். வள்ளித்தாயின் தங்கைக்கு மார்க்கெட்டில் பக்கத்திலேயே மீன் கடையாம். உங்கள் தங்கை தினமும் விடியலில் புதினாவைப் பறித்துக் கொடுத்து, பூனைகளுக்காக மீன் தலை வாங்கி வருகிறாள். "மறுநாளு காலையிலயே பறிக்காமப் போயிட்டீக. வீணாப் போகுதேன்னு குடுத்தேன். இதுல என்ன இருக்கு?" என்றாள்.

ஆக, ஜமாஅத்திடம் நான் பொய் சொல்லவில்லை. மைக்கில் சொன்னதெல்லாம் உண்மை. அந்த வகையில் மனம் லேசாகிவிட்டது. தாங்கள் வழி எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைக் கஞ்சியைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று மேலே எழுதிய வரியை மட்டும் அடித்துவிட்டு, தங்கள் வயிறும் வீட்டிலுள்ளவர்கள் வயிறும் எப்படி இருக்கின்றன என்று உடனே தபாலில் தெரிவிக்கவும். போனில் வேண்டாம்.