தெரிந்துதான் கட்டினேன்

உ

ஏழாயிரம்பண்ணை,
20 ஆகஸ்டு 1961

சிவகாசியில் அச்சாபீஸ் நடத்துபவரும் இந்த வருடத்துச் சுதந்திர தின மலரின் ஆசிரியரும் என் மைத்துனருமாகிய மகா கனம் பொருந்திய காளிராஜ் அவர்களுக்கு, உங்கள் அக்காள் பொன்னுத்தங்கத்தின் வீட்டுக்காரன் அய்யாதுரை சொந்தக் கையால் எழுதிக்கொண்டது. மாரியம்மன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம். அங்கே பிள்ளைகளும் மிஷின்களும் மக்கர் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். இதுவரைக்கும் எழுதவே ஒரு காலைப்பொழுது ஆகிவிட்டது. அறுபத்தேழு வயதில் முதியோர் பள்ளியில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ழகரத்தின் வாலை எந்தப் பக்கம் இழுப்பது என்பது இப்போது எனக்குத் தெரியும். பஸ்ஸின் நெற்றியில் இருப்பதைப் படித்துவிட்டு ஏற வேண்டும் என்பதற்காகவே போன வாரம் ஒரு சோலியும் இல்லாமல் சாத்தூர் போய்வந்தேன். மாப்பிள்ளை, 'நீங்கள்' என்று எழுதினால் எழுத்து அதிகம் செலவாகிறது. இனி 'நீ' என்றே எழுதுகிறேன், மரியாதைக் குறைவாக நினைக்காதே.

நீ அனுப்பிய மலர் கிடைத்தது. பதினாலாம் பக்கத்தைப் படித்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. என் பேரை அச்சில் நானே படித்தது இதுதான் முதல் தடவை. உன் அக்காளைக் கூப்பிட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அவளும் மூக்குக்கண்ணாடி இல்லாமலே பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பிறகு அடுத்த வரிக்குப் போனேன். "எழுத்தறியாத அப்பாவித் தொழிலாளி ஒருவர் தெரியாமல் செய்த தவறால் வெள்ளையரின் வெற்றி விழா கெட்டது" என்று போட்டிருக்கிறாய். 'அப்பாவி' என்பதை நாலு தரம் எழுத்துக்கூட்டினேன். நாலு தரமும் அப்பாவியாகத்தான் இருந்தது. நான் அப்பாவி இல்லை, மாப்பிள்ளை. நான் ராஜத்துரோகி. அடுத்த பதிப்பில் அதை நீ திருத்த வேண்டும். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், உனக்கு மறந்திருந்தால் ஞாபகம் வரட்டும்.

நாற்பத்தைந்தில் யுத்தம் முடிந்ததும் விருதுநகர் மைதானத்தில் வெற்றி விழா என்று சர்க்கார் அறிவித்து, வாணவேடிக்கைக்கு நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனிக்கு ஆர்டர் வந்தது. கடைசியில் எழுத்து வாணம் வேண்டும் என்றார்கள். பன்னிரண்டடி மூங்கில் சட்டத்தில் எழுத்தின் வடிவத்துக்குச் சின்னச் சின்ன மருந்துக் குழல்களை நெருக்கிக் கட்டி, ஒரு முனையில் தீ வைத்தால் எழுத்து எழுத்தாக எரியும். கட்டுகிற வேலை என்னுடையது. 'மன்னர் வாழ்க' என்று கட்டச் சொன்னார்கள். இந்த ஜில்லாவில் பாதிப் பேர் ஜெயிலுக்குப் போய்வந்திருக்கும்போது நான் மன்னரை வாழ்த்திக் கட்டுவதா என்று எனக்குக் கையே ஓடவில்லை. நீ அப்போது அச்சாபீசில் அச்செழுத்துக் கோக்கிற வேலையில் இருந்தாய். 'வெளியேறு' என்று ஒரு தாளில் எழுதிக் கொடு என்று உன்னிடம் வந்தேன். உனக்கு வேர்த்த வேர்வையில் என் துண்டுதான் நனைந்தது.

"அத்தான், என் கையெழுத்துல தாள் இருந்தா எனக்கும்ல விலங்கு மாட்டுவாக. வேணும்னா நோட்டீசு அடிக்கிற பெரிய மர எழுத்தை எடுத்து வரிசையா வைக்கேன். பாத்து மனசுல பிடிச்சிக்கிட்டுப் போங்க" என்று சொன்னாய். பார்த்தேன். அடுப்புக்கரியால் என் தொடையிலேயே வரைந்துகொண்டு, வேட்டியால் மூடி, உன் கண் முன்னாலேயே நடந்து போனேன். இதைத் தெரியாமல் செய்த தவறு என்று யார் சொல்வார்கள்?

எழுத்து திரும்பிப் போனது மட்டும் தெரியாமல் நடந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். தாளில் நேராக விழுவதற்காக மர எழுத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றித்தான் செதுக்குவார்களாம். எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்றைக்குப் பயத்தில் நீ அதைச் சொல்ல மறந்துவிட்டாய். அதனால் சட்டத்துக்கு முன்னால் நாற்காலியில் இருந்த துரைமார்களுக்கு எழுத்து திரும்பித் தெரிந்தது. உள்ளே விடாமல் சட்டத்துக்குப் பின்னால் கயிறு கட்டி நிறுத்தியிருந்த ஜனங்களுக்கு நேராகத் தெரிந்தது. மிளகாய் வத்தல் காம்பு கிள்ளுகிற பெண்களும் சரக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர்களும் ஐந்நூறு பேர் இருப்பார்கள். 'வெளியேறு' எரிந்ததும் அவர்கள் போட்ட சத்தத்தில் மைதானம் அதிர்ந்தது. முதல் குரல் மூட்டை தூக்கும் பத்திரகாளியுடையது. பெரிய துரை, வாழ்த்துகிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்று கை தட்டினார். இன்ஸ்பெக்டருக்குத்தான் சந்தேகம். தலையைச் சாய்த்துப் பார்த்து, சட்டத்துக்குப் பின்னால் ஓடுவதற்குள் எழுத்து அணைந்துவிட்டது. என்ன எரிந்தது என்று அவர் ஒவ்வொருவராகக் கேட்டார். "எங்களுக்கு எழுத்துத் தெரியாதுங்க சாமி" என்று ஐந்நூறு பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். ஒருவன்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

என்னைப் பிடித்துப் போனார்கள், இரண்டு நாள் அடித்தார்கள். கோர்ட்டில் நான் குற்றத்தை ஒத்துக்கொள்ள வாயைத் திறப்பதற்குள் நீ சாட்சிக் கூண்டில் ஏறி, "இவரு கைநாட்டு எசமான். மன்னர் வாழ்கன்னு கட்டச் சொன்னதை மூளை இல்லாம திருப்பிக் கட்டிட்டாரு" என்றாய். ஏழு எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் நாலுதானே எரிந்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "எண்ணவும் தெரியாது எசமான்" என்று சொன்னாயே, அது தேவையா? மாஜிஸ்திரேட் சிரித்துவிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார். உன் அக்காள் அழுத அழுகைக்காகச் சொன்னாய், ஜெயிலிலிருந்து காப்பாற்றினாய், மறுக்கவில்லை. ஆனால் பதினாறு வருடமாகக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் என் இலையை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டு, "அண்ணாச்சிக்கு இதுதானே நேர்பக்கம்" என்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டு திருப்பிப் போட்டுச் சாப்பிடுகிறேன். இனிமேல் முடியாது. என் குற்றத்தை எனக்குத் திருப்பிக் கொடு. 'அய்யாதுரை தெரிந்தே செய்தார், ஐந்நூறு பேர் படித்தார்கள்' என்று கொட்டை எழுத்தில் போடு. போடாவிட்டால் உன் அச்சாபீஸ் வாசலில் உட்கார்ந்து, உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் உன் மலரைப் பிழைகளோடு சத்தமாகப் படித்துக் காட்டுவேன். எனக்கு இப்போது வேறு வேலை இல்லை.

உன் வீட்டில் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம். தீபாவளி சீசன் லோடு நல்லபடியாகப் போய்ச் சேரட்டும். சின்னவளுக்கு அம்மை இறங்கிவிட்டதா என்று எழுது. அச்சடிக்காதே, கையால் எழுது, படித்துவிடுவேன்.

இப்படிக்கு,
ராஜத்துரோகி அய்யாதுரை

பின் குறிப்பு: மேலே எழுதியதை நிறுத்தி வை. சாட்சிக் கையெழுத்து வாங்கலாம் என்று நேற்று விருதுநகர் போனேன். பத்திரகாளி கிட்டங்கி வாசலில் இருந்தார். அன்றைக்கு எரிந்ததைப் படித்தேன் என்று கையெழுத்துப் போடச் சொன்னேன். "என்னத்தைப் படிக்க? எழுத்துத் தெரியாதுன்னு அன்னைக்கே இன்ஸ்பெட்டரய்யாகிட்ட சொன்னேன்லா. நான் என்ன பொய்யா சொல்லுவேன்?" என்றார். பிறகு எதற்குக் கத்தினீர்கள் என்று கேட்டேன். "வாணம் எரிஞ்சா கத்தாம என்ன செய்வாக, அண்ணாச்சி?" என்றார். காம்பு கிள்ளுகிற அய்யம்மாளிடம் போனேன். "அவுக கத்துனாக, நாங்களும் கத்துனோம்" என்றாள். பதினோரு பேரைக் கேட்டேன், பதினோரு பேரும் அப்படியே.

ஆக, முன்னால் இருந்தவர்களுக்குத் திரும்பித் தெரிந்தது, பின்னால் இருந்தவர்களுக்கு எழுத்துத் தெரியாது, கட்டின எனக்கும் தெரியாது, எழுத்தை எடுத்து வைத்த நீ விழாவுக்கு வராமல் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொண்டாய். அன்றைக்கு எரிந்ததை இந்தப் பூமியில் ஒருவரும் படிக்கவில்லை. அதனால் திருத்தம் ஒன்றும் போட வேண்டாம். அப்பாவி என்பதும் இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு முழுத் தாளில் அந்த நான்கு எழுத்தை மட்டும் பெரிதாக, நேராக அச்சடித்து அனுப்பு. பத்திரகாளியையும் அய்யம்மாளையும் அங்கே உள்ள முதியோர் பள்ளியில் பேர் கொடுக்க வைத்துவிட்டேன், ஆளுக்கு ஒன்று வேண்டும். வெள்ளைக்காரன்தான் போய்விட்டானே என்று சொல்லாதே. அவன் படிக்காமல் போய்விட்டான், அது எனக்குப் பொறுக்கவில்லை. சீமைக்கும் ஒரு பிரதி போக வேண்டும். விலாசம் நான் எழுதுகிறேன்.