இழுப்பறையும் ஒரு சபதமும்

"இனிமே நீ வாங்கிட்டு வர்ற பழசு எதையாவது என் கை தொட்டுச்சுன்னா, என் பேரை மாத்தி வச்சுக்கோ!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு அதிரச் சபதம் போட்டார் குறைக்காரர். ஆலையிலிருந்து வெளியே போகிற சாமானில் குறை கண்டுபிடிப்பது அவர் உத்தியோகம். அதனால் அந்தப் பெயர். வாரம் முழுக்க ஊரான் கோணலைப் பார்த்துக் கண் நொந்த மனுஷன், ஒருநாளாவது சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக் கிடக்க வேண்டாமா? போன வாரம் ஓட்டை வாளி விளக்குக் கூடாச்சு. அதற்கு முந்தின வாரம் உடைந்த ஏணி துணி காயப்போடும் சட்டமாச்சு. எல்லாம் இவர் முதுகை ஒடித்து!

இன்றைக்குப் பழைய சாமான் கடையிலிருந்து வந்து இறங்கியது, கால் போன ஒரு மேசை.

"மேசை செத்தா என்னங்க? இழுப்பறை ரெண்டும் உயிரோட இருக்கே. சுவத்துல மாட்டினா பிள்ளைங்க புத்தகம் அடுக்கலாம்" என்றாள் மனைவி.

"மாட்டிக்கோ. என்னைக் கூப்பிடாதே."

"யாரு கூப்பிட்டா? நீங்க பேப்பர் படிங்க."

படித்தார். சரக், சரக் என்று சத்தம். பேப்பர் ஓரமாய் ஒரு கண்ணை விட்டார். அவள் உப்புத்தாளை மரத்தின் ரேகைக்குக் குறுக்கே போட்டு இழுத்துக்கொண்டிருந்தாள்!

"அடியே! தேய்க்கிறியா, பூனை மாதிரி பிறாண்டுறியா?"

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். நீங்க படிங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு நாலு வரி படித்தார். நாலும் கோணலாய்த் தெரிந்தன. அடுத்து டமார், டமார்! அவர் வேலைக்குப் போட்டுப் போகிற செருப்பால் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். ஆணி வாழைப்பழம் மாதிரி வளைந்து நின்றது.

"அநியாயம்! அக்கிரமம்! ஒரு ஆணியை இப்படியா கொலை பண்றது? தள்ளு அந்தப் பக்கம்!"

"சபதம் போட்டீங்களே?"

"பழசைத் தொடமாட்டேன்னுதான் சொன்னேன். ஆணி புதுசு!"

ஆணியைத் தொட்ட கை அதோடு நிற்குமா? பொழுது சாய்வதற்குள் இழுப்பறை இரண்டும் வழுவழுவென்று தேய்ந்து, பச்சைச் சாயம் பூசிக்கொண்டு, மட்டம் பிசகாமல் சுவரில் ஏறிவிட்டன.

"பார்த்தியா? இதுக்குப் பேருதான் வேலை!"

"உங்க கை மாதிரி வருமாங்க!"

அவர் மீசையைத் தடவிய நேரம், எதிர்வீட்டுக்காரி ஒரு நொண்டி முக்காலியோடு வாசலில் வந்து நின்றாள். கதவுக்குப் பின்னால் இவர் நிற்பதைப் பார்க்கவில்லை.

"அக்கா, காலையிலேருந்து தேய்க்கிறேன், எங்க வீட்டுக்காரர் அசையவே மாட்டேங்கிறார். எப்படித் தப்பாத் தேய்க்கணும்னு இன்னொரு தடவை காட்டுங்களேன்!"