நான் உட்காராத மூன்று நாள்

ஒரு விடுகதை. வரவே கூடாது என்று சாமியை வேண்டிக்கொள்கிறோம். வந்தால் இருக்கட்டும் என்று முன்கூட்டியே கொடுத்தும் வைக்கிறோம். அது என்ன?

சிரமப்பட வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸ். ஐம்பத்தேழாம் வருஷம் எங்கள் உத்திரமேரூரில் அந்தச் சொல்லை உச்சரிக்க வராதவர்கள்கூட அதைப் பற்றிச் சண்டை போட்டார்கள்.

நூறு வீடுகள் சேர்ந்து, வீட்டுக்கு மாதம் இரண்டு படி நெல் அளக்க வேண்டும். அளந்தால் வாலாஜாபாத்திலிருந்து டாக்டர் ஸ்வாமிநாதன் வியாழன்தோறும் மருந்துப் பெட்டியோடு பஸ்ஸில் வருவார். யாருக்கு நோய் வந்தாலும் வைத்தியம் உண்டு. தொண்ணூறு வீடுகள் சேர்ந்துவிட்டன. மீதிப் பத்தும் எங்கள் தெரு. எங்கள் தெரு என் பேச்சைக் கேட்கும். சைக்கிள் கடை தாண்டவராயன் என்றால் அவ்வளவு மதிப்பு.

நான் கூடாது என்றேன்.

"நோய் இல்லாதவன் நோயாளிக்கு ஏன் அளக்கணும்? வைத்தியத்த கவர்மெண்டு குடுக்கட்டும். இருபது வருசமா நான் ஒரு தும்மல்கூடத் தும்மல!"

என் மனைவி சொக்கம்மாள் வேறு கட்சி. போன மழைக்காலத்தில் எங்கள் மகள் ஆண்டாளுக்கு ஜுரத்தில் வலிப்பு வந்தது. மாட்டுவண்டியில் காஞ்சிபுரம் போய்ச் சேரும்வரை குழந்தையின் மூச்சைப் பார்த்துக்கொண்டே போனவள் அவள். ஆனால் குடும்பம் வேறு, கொள்கை வேறு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் திட்டத்தைத் தோற்கடிப்பதென்று சபதம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை ஒரு கட்டி வந்தது. எங்கே என்று கேட்காதீர்கள். சைக்கிள் சீட் படுகிற இடம்.

தெரிந்தால் மானம் போகும். நின்றே மிதித்தேன். நின்றே சாப்பிட்டேன்.

"இன்னாய்யா, தட்ட கைல தூக்கிக்கினு துன்ற? பலகை போட்டுக்கீது, குந்து" என்றாள் சொக்கம்மாள்.

"நின்னு துன்னா நல்லா செரிக்கும்."

"ராத்திரியெல்லாம் குப்புற படுத்துக்கினு இருந்தியே?"

"கூட்டத்துல பேசறத யோசிச்சிக்கினு இருந்தேன்."

"ஓகோ. யோசனை முதுகுப்பக்கமா வருதா?"

அதற்குமேல் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். சொக்கம்மாள் பேசாமல் போனால் பயப்பட வேண்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம். டாக்டரும் வந்திருந்தார். முதலில் பக்கத்துத் தெருப் பஞ்சாட்சரம் பேசினார்.

"மில்லுல வேலை செய்றவனுக்கு இன்சூரன்ஸ் கீது. ஏர் ஓட்றவனுக்கு இன்னா கீது? சட்டம் வர்றப்ப வரட்டும். நாம இப்பவே சேந்துக்கலாம்."

அடுத்து நான். முக்கால் மணி நேரம் முழங்கினேன். எங்கள் தெரு மொத்தமும் தலையாட்டியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த நேரத்தில், பெண்கள் பக்கமிருந்து சொக்கம்மாள் ஒரு முக்காலியோடு வந்தாள்.

"நோய் நொடி இல்லாத மன்சன், எம்மா நேரம் நிக்கும்? குந்தி பேசட்டும்."

"வேணாம். நான் கொள்கைக்காக நிக்கிறேன்."

"கொள்கை எங்கியும் ஓடாது. குந்துய்யா."

"வூட்டுக்காரி ஆசையா சொல்லுது, குந்து தாண்டவராயா!" என்றார் பஞ்சாட்சரம்.

"குந்து! குந்து!" என்றது கூட்டம்.

குந்தினேன்.

நான் போட்ட சத்தத்தில் வாசலில் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

டாக்டர் என்னை உள்ளறைக்கு அழைத்துப்போய்ப் பார்த்தார். "நன்றாகப் பழுத்திருக்கிறது. இன்றே கீறிவிட வேண்டும். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் ஆபத்து" என்றார்.

திரும்பி வந்தபோது கூட்டம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. ஆனால் எங்கள் தெருவின் ஒன்பது வீடுகளும் அதற்குள் கைநாட்டு வைத்துவிட்டன. நூறாவது வீடு என்னுடையது. சொக்கம்மாள் பேனாவை நீட்டினாள். நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். அடுத்த வியாழன் முதல் ஊருக்கு டாக்டர் உண்டு. உண்மையைச் சொன்னால், எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

கடைசியாக ஒரு வேலை பாக்கி. மாதாமாதம் வீடு வீடாகப் போய், திட்டத்தின் பெருமையைச் சொல்லி நெல் வாங்கிவர ஓர் ஆள் வேண்டும். பஞ்சாட்சரமா, நானா? கை தூக்கியதில் இரண்டு பேருக்கும் சரிசமம்.

"சோழர் காலத்துல சின்னப் புள்ளைய வுட்டு கொடத்துலேர்ந்து ஓலை எடுத்து ஆள பொறுக்கின ஊராச்சே இது! எங்க ஆண்டாள கேளுங்க" என்றாள் சொக்கம்மாள்.

அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம், யார் போகலாம் என்று டாக்டர் கேட்டார். நான் கண்ணாலேயே பஞ்சாட்சரத்தைக் காட்டினேன்.

ஆண்டாள் என்னைக் காட்டினாள்.