மேசைக்கடியில்

வால்டர் ஸ்விட்ச் பெட்டியின் பொத்தானை அழுத்தினான். திரை கறுப்பாகவே இருந்தது. ஆபீஸ் மீட்டிங் தொடங்கும் நேரம்.

"செலின், மானிட்டர் வரல."

அவன் மனைவி உள்ளறையிலிருந்து ஓடி வந்தாள். அவள் கையில் செல்போன் டார்ச் எரிந்துகொண்டிருந்தது.

"நகருங்க, நானும் மேசைக்கடியில பூந்து பாக்கறேன்."

"வேண்டாம், வேண்டாம். நானே பாத்துக்கறேன். நீ போய் ரெஸ்ட் எடு."

அவள் சற்று நின்றாள். டார்ச்சை அணைத்தாள். போனாள்.

விஜயநகர் வாடகை வீட்டில் அவர்களுக்கு ஒரே மேசை. ஒரே மானிட்டர், ஒரே கீபோர்டு, ஒரே ஹெட்செட். பகலில் எல்லாம் செலினுடைய கேமிங் கம்ப்யூட்டருக்கு. புதிய கேம்களை ஆடிப் பார்த்துக் கோளாறு கண்டுபிடிப்பது அவள் வேலை. இருட்டியதும் எல்லாம் வால்டருடைய ஆபீஸ் லேப்டாப்புக்கு. அவனுடைய வாடிக்கையாளர்களுக்கு அப்போதுதான் விடியும். அவள் எழும்போது அவன் தூங்கப் போவான். லீவு நாளும் ஒத்துவராது.

முன்பெல்லாம் சாயங்காலம் இரண்டு பேரும் மேசைக்கடியில் புகுந்து ஒயர்களைக் கழற்றி மாட்டுவார்கள். அவள் டார்ச் பிடிப்பாள். "ஐயோ, அது என் காதுங்க, பிளக் இல்ல" என்பாள். வீட்டு ஓனர் பேச்சு, மாமியார் பேச்சு, மீன் விலை, எல்லாம் அங்கேதான். ஒரு நாள் தலை முட்டி அவள் நெற்றி வீங்கியது. மறுநாளே வால்டர் ஸ்விட்ச் பெட்டி ஒன்று வாங்கி வந்தான். பொத்தானை அழுத்தினால் போதும், மானிட்டர் முதல் ஹெட்செட் வரை எல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு மாறிவிடும்.

செலின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள்.

அதன் பிறகு அவன் மேசைக்கு வரும்போது நாற்காலி மட்டும் சூடாக இருக்கும். ஹாட்பாக்ஸில் சாப்பாடு இருக்கும். உப்பு போதுமா என்று கேட்க ஆள் இல்லாமல் சாப்பிடப் பழகிக்கொண்டான். அவளுக்குச் சௌகரியம், அது போதும் என்று நினைத்தான்.

அந்தச் சௌகரியமும் நிலைக்கவில்லை. அந்த மீட்டிங் அன்று மானிட்டர் ஒயர் கழன்றிருந்தது. மாட்டி, டேப் சுற்றினான். அடுத்து கீபோர்டு செத்தது. அதையும் சரிசெய்து, எது எதற்கான ஒயர் என்று கலர் நூல் கட்டி வைத்தான். பிறகு ஹெட்செட் ஊமையானது. இன்னொன்று வாங்கி வந்தான்.

"எதுக்குங்க சும்மா ரெண்டு?"

"உனக்குத் தொந்தரவு கூடாதுல்ல."

"தொந்தரவுன்னு நான் சொன்னேனா?"

"சொன்னாத்தான் தெரியுமா?"

"ஆமா, உங்களுக்கு எல்லாம் தெரியும்!"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. வால்டர் புது ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதில் வீட்டுச் சத்தம் எதுவுமே கேட்கவில்லை. கடைக்காரர் சொன்னது உண்மைதான், நல்ல சரக்கு.

மறுநாள் தூங்கி எழுந்ததும் கெம்பையன் கடைக்குப் போனான். பெட்டியை விற்றவர் அவர்தான். ஹனூர்க்காரர், அந்த ஊர்த் தமிழ் பேசுவார்.

"வாங்க சார். மறுக்காவும் போயிருச்சுங்களா?"

"போகட்டும் கெம்பையண்ணா, இதோட சகவாசமே வேண்டாம். தனி மானிட்டர், தனி கீபோர்டு குடுங்க. நான் பின் ரூமுக்குப் போயிடறேன். அவளாவது நிம்மதியா இருக்கட்டும்."

"மேடம் அப்படிச் சொன்னாங்களா?"

"எங்க பேசறா? முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கா. இந்தப் பெட்டி பண்ற பாடு."

"பெட்டி நல்லாத்தானுங்க இருக்குது."

"நல்லா இருந்தா ஏன் தினம் ஒண்ணு புட்டுக்குது? நானும் அவளைக் கூப்பிடாம, ஒண்டியாவே சரி பண்ணிட்டுத்தான் இருக்கேன்."

மானிட்டரை எடுக்கக் கை நீட்டிய கெம்பையன், கையை இழுத்துக்கொண்டார்.

"அதத்தானுங்க சார் மேடமும் சொன்னாங்க. எந்த ஒயரப் புடுங்கினா உங்களால ஒண்டியாச் சரி பண்ண முடியாதுன்னு காலைல வந்து கேட்டுட்டுப் போனாங்க."